விலை போட்ட புத்தகமா, திறந்த புத்தகமா: ஏழு வருட வகுப்பு அனுபவம்

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டுக்கு வணிகப் புள்ளியியல் எடுக்கிறேன். 2018 ஜூனிலிருந்து இரண்டு வகைப் புத்தகங்களை வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன். ஒன்று கடையில் விற்கும் பாடப்புத்தகம். மற்றொன்று அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2013இல் வெளியிட்ட ‘இன்ட்ரொடக்டரி ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’. இது இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும்; திருத்தி எழுதி அச்சிடவும் அனுமதி உண்டு. இதைத்தான் திறந்த புத்தகம் என்கிறேன். புதிதாகச் சேரும் ஆசிரியர்கள் “எதைப் போடலாங்க மேடம்?” என்று கேட்கும்போது ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், எங்கள் பக்கத்தில் இந்தத் தேர்வு எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஜூனில் கல்லூரி திறந்த வாரமே பதிப்பகத்துப் பிரதிநிதி வருவார். துறை மேசையில் ஆசிரியருக்கு ஒரு இலவசப் பிரதி வைப்பார். புத்தகத்தைப் புரட்டினால் பாடத்திட்டத்தின் ஐந்து அலகும் அதே வரிசையில் இருக்கும். பின்பக்கத்தில் பழைய வினாத்தாள்களும் இருக்கும். அன்றைக்கே பெயர் எழுதிப் போட்டுவிடுவோம். நானும் அப்படித்தான் போட்டேன். அதில் சோம்பேறித்தனம் எதுவும் இல்லை. வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பும் கட்டுக்கட்டாக விடைத்தாளும் வைத்திருப்பவருக்கு, அலகு பிரித்த புத்தகம் பெரிய ஒத்தாசை.

என்னை வேறு பக்கம் பார்க்க வைத்தவள் அந்தியூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி. செப்டம்பர் ஆகியும் கையில் புத்தகம் இல்லை.

“ஏங்கண்ணு, இன்னும் புக்கு வாங்கலியா?”

“இல்லீங்க மேடம். மஞ்சள் வெல ஏறட்டும்னு அப்பா வெச்சிருக்காருங்க. வித்ததும் வாங்கிர்றனுங்க.”

முதல் இன்டெர்னல் தேர்வு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அதே வருடம் இன்னொன்றும் கவனித்தேன். அண்ணன், அக்கா வைத்திருந்த பழைய பதிப்போடு வந்தவர்களுக்குக் கணக்கு எண்கள் பொருந்தவில்லை. புதிய பதிப்பில் கணக்குகள் அவையேதான், வரிசை மட்டும் மாறியிருந்தது. மொத்த வியாபார விலைகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் மொத்த விலைக் குறியீட்டின் அடிப்படை ஆண்டு (ஒப்பிட எடுத்துக்கொள்ளும் ஆண்டு) 2017இலேயே 2011-12க்கு மாறியிருந்தும், அந்தப் புதிய பதிப்பின் எடுத்துக்காட்டில் 1993-94 அப்படியே இருந்தது.

அடுத்த செமஸ்டரில் திறந்த புத்தகத்தை இறக்கி எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். விளக்கம் அருமை. மாதிரி எடுத்தல், பரவல், மைய எல்லைத் தேற்றம் எல்லாம் கூடவே உட்கார்ந்து சொல்லித் தருவதுபோல் இருக்கும். ஆனால் அது அமெரிக்க மாணவருக்காக எழுதப்பட்டது. செய்முறைக் குறிப்புகள் டி.ஐ.-83, 84 கால்குலேட்டருக்கானவை. என் வகுப்பில் அதை யாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஓர் ஊகம் தரவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கருதுகோள் சோதனையைப் பெரும்பாலும் பி-மதிப்பு வழியில் நடத்துவார்கள்; அந்த ஊகம் சரியென்றால் இந்த அளவுக்கோ இதைவிட அதிகமாகவோ விலகிய முடிவு வரும் வாய்ப்புதான் பி-மதிப்பு. நம் தேர்விலோ 5 சதவீத மட்டத்தில் அட்டவணை மதிப்பை எடுத்து ஒப்பிட வேண்டும். அந்த வருடம் நன்றாகப் புரிந்துகொண்ட பிள்ளைகள்கூட, திருத்துபவர் எதிர்பார்க்கும் படிகளை எழுதாமல் மதிப்பெண்ணை விட்டார்கள். அந்தத் தவறு என்னுடையது. பாடம் பிடித்துப்போனதில் வினாத்தாளை மறந்துவிட்டேன்.

இன்னொரு சிக்கல் அதைவிடப் பெரிது. அந்தப் புத்தகத்தில் 13 அத்தியாயங்கள். குறியீட்டு எண்ணுக்கோ காலத்தொடருக்கோ (மாதம், ஆண்டு என்று காலவரிசையில் எடுத்த எண்கள்) அவற்றில் ஓர் அத்தியாயமும் கிடையாது. எங்கள் பாடத்திட்டத்தில் ஐந்து அலகில் இரண்டு இவைதான். லாஸ்பியர், பாசி, ஃபிஷர் என்ற குறியீட்டு எண் சூத்திரங்கள் இல்லாமல் எங்கள் பி.காம். வினாத்தாள் வராது.

அங்கேதான் உரிமத்தின் அருமை தெரிந்தது. அந்தப் புத்தகத்துக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடல் 4.0 உரிமம். மூலத்தைச் சொல்லி, மாற்றியதையும் சொல்லிவிட்டால் வெட்டலாம், சேர்க்கலாம், மொழிபெயர்க்கலாம். விலைப் புத்தகத்தில் ஒரு பிழை கண்டால் ஓரத்தில் பென்சிலால் குறிக்கத்தான் முடியும். இதில் அந்தப் பக்கத்தையே மாற்றிவிடலாம். காசு மிச்சம் என்பதைவிட எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது.

இரண்டு கோடை விடுமுறை உட்கார்ந்து கையேடு ஒன்று தயார் செய்தேன். ஐந்து அத்தியாயங்களை அங்கிருந்து எடுத்துச் சுருக்கினேன். கால்குலேட்டர் குறிப்புகளை எடுத்துவிட்டு அட்டவணை வழியைச் சேர்த்தேன். இல்லாத இரண்டு அலகுகளையும் நானே எழுதினேன். காலத்தொடருக்கு நாமக்கல் முட்டை விலையைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தினமும் அறிவிக்கும் விலை அது. மூன்று வருட மாத சராசரியைப் பலகையில் எழுதிப் போட்டு, “எந்த மாசம் இறங்குது பாருங்க” என்றேன். பின்பெஞ்சிலிருந்து குரல் வந்தது: “புரட்டாசிங்க மேடம். எங்க ஊட்ல முட்டையே ஒடைக்க மாட்டாங்க.” பருவகால மாறுபாட்டுக்கு அதற்குமேல் வரையறை தேவைப்படவில்லை. நகரும் சராசரிக்கு (அடுத்தடுத்த சில எண்களின் சராசரியை ஒவ்வொன்றாக நகர்த்தி எடுப்பது) பவானிசாகர் அணையின் நீர்மட்டத்தை எடுத்துக்கொண்டேன். 105 அடி நிறைகிறதா, ஆகஸ்டில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விடுவார்களா என்பது வகுப்பில் பாதிப் பேர் வீட்டுப் பேச்சு. அதனால் எண்களை அவர்களே கேட்டு வாங்கி எழுதிக்கொண்டார்கள்.

தமிழ்வழிப் பிரிவுக்கு இது இன்னும் பெரிய உதவி. திட்ட விலக்கம், ஒட்டுறவு, இன்மை கருதுகோள் என்று பள்ளியில் படித்த சொற்களையே கையேட்டில் வைத்தேன். பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் காலத்தொடரும் குறியீட்டு எண்ணும் தமிழிலேயே இருக்கின்றன. பள்ளியில் கணினிப் பயன்பாட்டுப் பிரிவெடுத்து, இந்தப் பாடம் படிக்காமல் வந்த பிள்ளைகளை முதலில் அதைப் படிக்கச் சொல்கிறேன். ஆனால் அது இலவசமாகக் கிடைக்கும் புத்தகம், திறந்த உரிமம் கொண்டதில்லை. படிக்கக் கொடுக்கலாம், அதிலிருந்து பக்கங்களை எடுத்து என் கையேட்டில் ஒட்ட முடியாது. திறந்த உரிமங்களிலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை உண்டு. விக்கிப்பீடியா பத்தியையும், அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் இணையத்தில் இலவசமாகத் தரும் ஓப்பன்கோர்ஸ்வேர் பாடத்தையும் கலந்து ஒரே பாடமாக எழுதி வெளியிட முடியாது. விக்கிப்பீடியாவின் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கிறது, ஓப்பன்கோர்ஸ்வேரின் உரிமம் தடுக்கிறது, மாற்றி எழுதியதைத் தன் உரிமத்திலேயே வெளியிட வேண்டும் என்று இரண்டுமே சொல்கின்றன. இது தெரியாமல் ஒரு அத்தியாயம் எழுதி, பிறகு முழுவதையும் நீக்கினேன்.

“பேசாம விலைப் புத்தகத்தையே ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துரலாமே” என்று சக ஆசிரியர்கள் சொல்வதுண்டு. பாடம் நடத்துவதற்காகப் பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் ஏற்றுக்கொண்டது உண்மைதான். ஆனால் நகலெடுத்த பக்கத்தில் 1993-94 என்றுதானே இருக்கும்? எனக்கு வேண்டியது திருத்துகிற உரிமை.

விலைப் புத்தகத்தை நான் விட்டுவிடவில்லை. தீர்த்த கணக்குகளின் எண்ணிக்கையில் அதற்கு ஈடு இல்லை. ஒரே மாதிரிக் கணக்கை இருபது முறை போட்டுப் பார்த்தால்தான் கை பழகும் பிள்ளைகள் நிறைய. இப்போது நூலகத்தில் 12 பிரதிகள் வாங்கி வைத்திருக்கிறோம். தேர்வுக்கு முந்தைய மாதம் ஒன்றுகூட அலமாரியில் இருக்காது. என் கையேட்டின் விடைப்பகுதியில் பிழைகள் இருந்தன. இரண்டை மாணவர்களே கண்டுபிடித்தார்கள். பதிப்பகத்தில் அதைச் சரிபார்க்க ஆள் இருக்கிறார், இங்கே நான்தான். இந்த வேலைக்கு எனக்குத் தெரிந்த எந்தக் கல்லூரியும் வகுப்பு நேரத்தைக் குறைத்துத் தருவதில்லை. குறைத்தால் இன்னும் எத்தனையோ பேர் எழுதுவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே, பாடத்திட்டமும் வினாத்தாளும் புத்தகத்தோடு அப்படியே ஒத்துப்போய், உங்களுக்கும் நேரம் இல்லையென்றால், விலைப் புத்தகத்தையே போடுங்கள், நூலகத்துக்கும் பிரதிகள் கேட்டு வாங்குங்கள். எடுத்துக்காட்டுகள் பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை என்று வகுப்பில் தெரிந்தால், ஒரே ஒரு அலகை மட்டும் திறந்த புத்தகத்திலிருந்து எடுத்து மாற்றிப் பாருங்கள். ஐந்தையும் ஒரே வருடத்தில் தொடாதீர்கள்.

கையேடு இப்போது 112 பக்கம். பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு 90 ரூபாய். போன வருடம் திருப்பூரில் வேலை செய்யும் தோழி அந்தக் கோப்பை வாங்கி, முட்டை விலை இருந்த இடத்தில் நூல் விலையை வைத்தாள். அந்த அட்டவணை என்னுடையதைவிட நன்றாக இருந்தது. ஜூனில் அச்சுக்குப் போகும் பதிப்பில் அதை அவள் பெயரோடு சேர்த்துவிட்டேன்.