ஏர் ரைஃபிளை வாரண்டி சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்: 2,40,000 ரூபாய் போச்சு

பிள்ளைகளுக்கு 10 மீட்டர் போட்டிக்கு ஏர் ரைஃபிள் வாங்கப் போகிற அப்பா அம்மாக்கள் தயவுசெய்து படியுங்கள். இன்று காலை பார்சலைப் பிரித்ததிலிருந்து எனக்கு உடம்பெல்லாம் கொதிக்கிறது. 2,40,000 ரூபாய். என் சீட்டுப் பணமும், வீட்டுக்காரர் பி.எஃப்.பில் எடுத்ததும் சேர்ந்த காசு.

வழக்குப் போடப் போவதால் கடைப் பெயரைப் போட வேண்டாம் என்கிறார் வக்கீல். வெளிநாட்டுப் போட்டித் துப்பாக்கிகளை வரவழைத்து விற்கிற கடை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கடலூரில் பிறந்த ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் போனதிலிருந்து என் மகளுக்கு இதே பேச்சு. கிளப் ரைஃபிளில்தான் பழகினாள். மாநிலப் போட்டிக்குச் சொந்த ரைஃபிள் இருந்தால் நல்லது என்று கோச் சொன்னார். கடைக்குப் போனோம். அந்த ஆள் தோளில் பதிகிற பட் பிளேட்டை அவளுக்கு ஏற்ப அளந்து, கன்னம் வைக்கிற கட்டையை மில்லி மில்லியாக ஏற்றி இறக்கி, தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து அவள் நிற்கிற விதத்தைப் பார்த்தார். "பாப்பா, இப்ப கழுத்து வலிக்குதா?" என்று கேட்டுக் கேட்டு மாற்றினார். அதைப் பார்த்துத்தான் எங்களுக்கு நம்பிக்கை வந்தது. "அக்கா, ஜெர்மன் சரக்கு. ரெண்டு வருஷம் வாரண்டி. என்ன ஆனாலும் எனக்கு ஒரு போன் போடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று வாரண்டி அட்டையில் சீல் குத்திக் கொடுத்தார். 2,40,000 ரூபாயையும் அங்கேயே கட்டினோம்.

சில மாதங்களிலேயே காற்று கசிய ஆரம்பித்தது. ராத்திரி ரைஃபிளின் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்று அடைத்து வைத்தால் காலையில் கேஜ் முள் பாதிக்கு வந்திருக்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே அளவு காற்று விட வேண்டிய ரெகுலேட்டரும் தகராறு. ஒரே மாதிரி பிடித்துச் சுட்டாலும் ஒரு பெல்லட் மேலே போகும், அடுத்தது கீழே இறங்கும். ஏர் ரைஃபிள் டார்கெட்டில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. ஒரு போட்டிக்கு 60 ஷாட், ஒவ்வொன்றுக்கும் தசமத்தில் மார்க். இந்த ரைஃபிளை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? தன் கைதான் சரியில்லை என்று நினைத்து அழுதிருக்கிறாள்.

போன் போட்டோம். "ஓ-ரிங் தேய்மானம் வாரண்டில வராது மேடம்." (ஓ-ரிங் என்பது காற்று கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம்.) அக்கா போய் மேடம் ஆகிவிட்டேன். பிறகு, "நீங்க ஈரக்காத்து அடைச்சிருப்பீங்க." கிளப்பில் எல்லோரும் அங்கிருக்கிற ஒரே பெரிய சிலிண்டரிலிருந்துதான் நிரப்புகிறார்கள், மற்ற ரைஃபிள்கள் எதுவும் கசியவில்லை. அதைச் சொன்னதும், "யாரோ திறந்து பாத்திருக்காங்க, ஸ்குரூவில் தடம் இருக்கு" என்றார். ரைஃபிளைக் கண்ணால் பார்க்காமலேயே! கடைசியில் அனுப்பச் சொன்னார். "ஜெர்மனிக்குப் போயிருக்கு, கஸ்டம்ஸ்ல நிக்குது" என்று மாதக் கணக்கில் அதே பதில். வாட்ஸாப்பில் நீல டிக் விழும், பதில் வராது.

பொறுக்க முடியாமல் தயாரிப்பு நிறுவனத்துக்கே மெயில் அனுப்பினோம். இந்தச் சீரியல் நம்பர் ரைஃபிள் தங்களிடம் சர்வீஸுக்கு வரவே இல்லை, அந்தக் கடை தங்கள் அங்கீகார டீலரும் இல்லை, வாரண்டி விஷயத்தை விற்றவரிடமே பேசுங்கள் என்று நாலு வரியில் முடித்துக்கொண்டார்கள். விற்றவர் கம்பெனியைக் கை காட்டுகிறார், கம்பெனி விற்றவரைக் கை காட்டுகிறது. நடுவில் என் 2,40,000 ரூபாய்.

அந்த மெயிலைக் கடைக்காரருக்கு அனுப்பிய பிறகுதான் பார்சல் வந்தது. பிரித்ததும் மகள் சிலிண்டரைத் திருப்பிப் பார்த்து, "அம்மா, இது என்னோடது இல்ல" என்றாள். மரை ஓரத்தில் நம்பரும் தயாரித்த மாதமும் வருடமும் பொறித்திருக்கும். அவள் ஷூட்டிங் டைரியில் முதல் நாளே எழுதி வைத்திருந்த நம்பர் வேறு. இதில் இருக்கிற தேதி, சிலிண்டருக்கு உள்ள பத்து வருடக் கெடுவுக்கும் முந்தியது. மரை தேய்ந்து பளபளக்கிறது, கீறல்கள் மேல் பெயிண்ட் தடவியிருக்கிறார்கள். எங்கள் புது சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு காலாவதியானதை மாட்டி அனுப்பியிருக்கிறான்! கார் டயரில் இருப்பதைப் போல நூறு மடங்கு அழுத்தம் அது. அதைத் தாங்க வேண்டிய பழைய சிலிண்டரை ஒரு சின்னப் பெண்ணின் இடது கைக்குப் பக்கத்தில் வைக்க எப்படி மனசு வந்தது? காலாவதியான சிலிண்டரோடு போட்டிக்குப் போகவும் முடியாது, தேதியைப் பார்த்துக்கொள்வது ஷூட்டரின் பொறுப்பு என்றே விதி இருக்கிறது. சர்வதேச விதியும் அதுதான். கசிவும் நிற்கவில்லை, இப்போதும் 'உஸ்' என்று சத்தம் கேட்கிறது. போன் செய்தால், "நீங்க அனுப்பினதுதான் வந்திருக்கு மேடம்." கட் பண்ணிவிட்டார்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாக இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டும் முன் கடை அங்கீகார டீலரா என்று கம்பெனிக்கே மெயில் போட்டுக் கேளுங்கள். குழல் .177 காலிபர், சுடும் சக்தி 20 ஜூலுக்குக் கீழ் என்றால் லைசன்ஸ் தேவையில்லை. அதனால் லைசன்ஸ் புத்தகம் என்று எதுவும் நம் கையில் இருக்காது, பில்தான் ஆதாரம். ரைஃபிள் நம்பர், சிலிண்டர் நம்பர் இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். சர்வீஸுக்குக் கொடுத்தால் சிலிண்டரைப் படம் எடுத்துவிட்டு, நம்பர் போட்ட ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகாரைப் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, ஆனால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நாங்கள் திங்கட்கிழமை போகிறோம்.

இப்படிப்பட்ட கடையில் சர்வீஸ் செய்த ரைஃபிள் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை காற்று அடைக்கும் முன் சிலிண்டரைக் கழற்றித் தேதியைப் பாருங்கள்.