ஜெட் ஸ்கீ கார்புரேட்டர் சிங்க்: டிரில் பிட்டா, வேக்குவம் கேஜா, காற்று மீட்டரா?

இரட்டைக் கார்புரேட்டர் வைத்த பழைய டூ-ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கீயில் காற்றை உள்ளே விடும் இரண்டு திராட்டில் தட்டுகளும் ஒரே நேரத்தில், ஒரே அளவு திறக்க வேண்டும். அப்படிச் சரிசெய்வதுதான் சிங்க். ஐடிலில், அதாவது லீவரை அழுத்தாமல் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது, தட்டு திறந்திருப்பது மயிரிழை அளவுதான். அங்கே ஒன்று கொஞ்சம் முந்தினாலும் காற்றின் அளவு வெகுவாக மாறிவிடும். முழு திராட்டிலில் அதே வித்தியாசம் தெரியவே தெரியாது. அதனால்தான் சிங்க் தப்பிய வண்டி வேகத்தில் நன்றாக ஓடிவிட்டு, மெதுவாகப் போகும்போது மட்டும் உதறும், சில சமயம் அணைந்தும் போகும்.

பைக் வேலை பார்த்துப் பழகியவர்கள் முதலில் தேடுவது, இன்ஜினின் உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் கேஜை. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் அது அருமையான கருவி. டூ-ஸ்ட்ரோக்கில் அந்த மரியாதை அதற்கு இல்லை. இன்ஜின் காற்றை இழுப்பது துடிப்புத் துடிப்பாக என்பதால் முள் ஒரு இடத்தில் நிற்காது. கேஜ் மாட்டத் தனித் துளையே இல்லாத கார்புரேட்டர்களும் நிறைய. சிலர் பெட்ரோல் பம்புக்குப் போகும் பல்ஸ் குழாயில் மாட்டிப் பார்ப்பார்கள். அது பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க்கேஸ் அறையிலிருந்து வருவது. அதில் அழுத்தமும் உறிஞ்சலும் மாறி மாறி வரும். திராட்டில் தட்டு எங்கே நிற்கிறது என்று அது சொல்லாது.

கார்புரேட்டர் வாயில் வைத்து அளக்கும் காற்று மீட்டர் இதைவிடப் பரவாயில்லை. ஆனால் தீ வெளியே வராமல் தடுக்கும் ஃபிளேம் அரெஸ்டரைக் கழற்றி, இன்ஜினை ஓடவிட வேண்டும். மூடிய ஹல்லுக்குள் (வண்டியின் உடற்கூட்டுக்குள்) பெட்ரோல் ஆவி தேங்கியிருந்தால், ஒரு பேக்ஃபயர் (கார்புரேட்டர் வழியாகத் தீ பின்னால் பாய்வது) போதும் தீப்பிடிக்க. மீட்டரே காற்றை மறைப்பதால் கலவையில் பெட்ரோலின் பங்கும் கூடிவிடும். போதாக்குறைக்குக் கரையில் நீண்ட நேரம் ஓட்டவும் முடியாது, இன்ஜினைக் குளிர்விப்பது வெளித் தண்ணீர்தானே!

என் ஓட்டு டிரில் பிட்டுக்குத்தான். இன்ஜினை ஓட்டவே வேண்டாம். ஐடில் ஸ்க்ரூவைப் பின்னால் திருப்பி, தட்டுகள் முழுக்க மூடட்டும். அப்புறம் ஒரு கார்புரேட்டரில் தட்டு விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய டிரில் பிட்டின் வழவழப்பான முனையை நுழைத்து, அது லேசாக உரசும்வரை ஐடில் ஸ்க்ரூவை முடுக்குங்கள். அதே பிட் மற்றதிலும் அதே அளவு உரசும்வரை, இரண்டு தட்டுகளையும் ஒத்திசைக்கும் சிங்க் ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். கடைசியில் லீவரை மெல்ல அழுத்தி, இரண்டும் ஒன்றாகக் கிளம்புகின்றனவா, முழுத் திறப்பில் ஒரே நிலைக்கு வருகின்றனவா என்று பாருங்கள். மூன்று கார்புரேட்டர் என்றால் ஒன்றை அடிப்படையாக வைத்து மற்ற இரண்டையும் அதற்கு ஒப்பிட வேண்டும்.

இந்த முறை அளப்பது தட்டை மட்டுமே. உள்ளே போன காற்றைத் திரும்ப விடாத ரீட் வால்வு உடைந்திருந்தாலோ, கேஸ்கெட் வழியாகக் காற்று புகுந்தாலோ, ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைந்திருந்தாலோ இதில் தெரியாது. கம்ப்ரஷனை முன்பே சோதித்துவிடுவது நல்லது. மெதுவான ஓட்டத்தில் கலவையைத் திருத்தும் லோ-ஸ்பீடு ஸ்க்ரூவைத் தொடுவது சிங்க் முடிந்த பிறகுதான். ஐடில் வேகத்தை வண்டி தண்ணீரில் இருக்கும்போதே வைக்க வேண்டும். கரையில் ஜெட் பம்புக்குச் சுமை இல்லாததால் அதே ஸ்க்ரூ நிலையில் இன்ஜின் வேகமாகச் சுற்றும்.

ஆயில் இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டியில் இன்னொரு வேலையும் உண்டு. திராட்டிலோடு இணைந்த ஆயில் பம்ப் லீவரின் குறி, மேனுவல் சொல்லும் இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐடில் ஸ்க்ரூ நகர்ந்தால் அதுவும் விலகியிருக்கலாம். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் பிடித்துவிடும்.