ஒன்றரை வருஷம் ஏஐ வைத்துப் பாடம் நடத்தியாயிற்று: காசு கட்டலாமா?

தக்கலையில் இருக்கும் தோழி போன வாரம் போனில் கேட்டாள். அவளும் தன் தெருப் பெண்களுக்கு ஈமெயிலும் ஏஐயும் சொல்லிக்கொடுக்கப் போகிறாளாம். "நீ மாசாமாசம் காசு கட்டித்தானே வெச்சிருக்க, நானும் கட்டட்டா?" நான் அப்போது மார்த்தாண்டத்தில், லேப்டாப்புக்குக் கீபோர்டு மாற்றக் காத்துக்கொண்டிருந்தேன். பதில் கொஞ்சம் சூடாகப் போய்விட்டது. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

கீபோர்டில் போனது ஒரே ஒரு பட்டன். "இந்த ரெண்டாம் நம்பரை மட்டும் என்ன செய்தீங்க டீச்சர்?" என்று கடைக்காரர் கேட்டார். ஈமெயில் முகவரியில் வரும் அட் குறி அந்தப் பட்டனில்தான் இருக்கிறது, ஷிஃப்டோடு சேர்த்து அழுத்த வேண்டும். ஆள் பெயருக்குள் வராத குறி என்று பார்த்து 1971இல் ரே டாம்லின்சன் அதைத் தேர்ந்தெடுத்தார். என் வகுப்பில் அது யார் விரலுக்கும் வரவில்லை.

வகுப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கருங்கல் பக்கம் என் வீட்டு முன்னறை, ஞாயிறு பூசை முடிந்து வரும் ஆறேழு பேர், ஒரு பழைய லேப்டாப், அவரவர் போன். ஈமெயிலில் எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்: கடிதம் முழுவதையும் தலைப்புக் கட்டத்துக்குள் எழுதிவிடுவார்கள். இரண்டு வாரத்தில் அது சரியாகிவிடும். சரியாகாதது, மகன் ஊருக்கு வந்தபோது தன் வெளிநாட்டு நம்பரைக் கொடுத்துத் திறந்து வைத்துவிட்டுப் போன கணக்கு. சரிபார்ப்பு எண் சவூதியில் இருக்கும் தம்மாமுக்குப் போகும். அவன் டியூட்டியில் இருப்பான். "மக்களே, ஒரு நம்பர் வந்துதா?" என்று அம்மா போனில் கெஞ்சுவார், மற்றவர்கள் காத்திருப்போம். தோழிக்கு முதல் அறிவுரை: அவரவர் கையில் இருக்கும் சிம் நம்பரைக் கொடுத்து, முதல் நாளே புதுக் கணக்கு திறந்துவிடு.

ஏஐயைச் சொல்லிக்கொடுக்க இவ்வளவு பாடு இல்லை. மைக் படத்தைத் தொட்டுப் பேச வேண்டும், அவ்வளவுதான். எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு சித்தி, தெருவிளக்கு எரியவில்லை என்று நம் பேச்சில் சொன்னார். பஞ்சாயத்துக்கு நல்ல தமிழில் ஒரு மனு வந்தது. அதை பிரிண்ட் போட்டு வாங்கி நாலாக மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்துக்கு ஒரு வருஷச் சந்தாவையே கட்டியிருப்பேன்.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன்.

போன சீசனில் ஒரு அக்கா நாகர்கோவில் கடை ஒன்றுக்கு ஈமெயில் அனுப்ப வேண்டும் என்றார். மைக்கைத் தொட்டுச் சொன்னது இது: "வீட்டுல போட்ட சக்கை வத்தல், அரைக்கிலோ பாக்கெட் இருவது இருக்கு, நல்ல வெளிச்செண்ணெயில பொரிச்சது." நம் ஊரில் சக்கை என்றால் பலா, வெளிச்செண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய். நொடியில் அழகான கடிதம் வந்தது. மதிப்பிற்குரிய ஐயா எல்லாம் போட்டு, "பழக்கழிவிலிருந்து தயாரித்து, தூய விளக்கெண்ணெயில் பொரித்த ஆரோக்கியமான வற்றல்" என்று எழுதியிருந்தது. அக்கா வாசித்துக்கூடப் பார்க்காமல் ஜிமெயிலில் ஒட்டி அனுப்பிவிட்டார். பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "எக்கா, இத தின்னா வயிறு போகுமே!" என்றாள்.

காப்பாற்றியது ஜிமெயில்தான். அனுப்பியதைத் திரும்ப இழுக்க அது முதலில் 5 வினாடிதான் தரும். கம்ப்யூட்டரில் அமைப்புகளுக்குள் போனால் 30 வரை கூட்டிக்கொள்ளலாம், காசு கிடையாது. யாருக்குக் கணக்கு திறந்தாலும் நான் முதலில் செய்வது இதைத்தான். 2004இல் வந்த ஜிமெயிலில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் அந்த 30 வினாடி என்பேன்.

ஏஐ மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். எழுத்தில் எது அதிகம் கிடைத்ததோ அதை வைத்துத்தான் அது அடுத்த சொல்லைப் பிடிக்கிறது. எழுத்துத் தமிழில் சக்கை என்றால் பிழிந்து போட்டதுதான். குமரி மாவட்டத்துக்காரர்களான நாம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தவர்கள், பேச்சில் பாதி மலையாள வாடை, அதை யாரும் அதிகம் எழுதி வைக்கவும் இல்லை. எல்லாம் புரிகிறது. ஆனால் தெரியாத சொல் வந்தால் "சக்கை என்றால் என்ன அக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? பள்ளிக்கூடத்துப் பிள்ளையானால் எழுந்து நின்று கேட்கும். இது கேட்பதே இல்லை, தெரிந்த மாதிரி எழுதிவிடுகிறது. பிழை இருக்கும் இடத்தில்தான் நடை இன்னும் கம்பீரமாக இருக்கிறது.

அப்புறம் ஒரு பட்டியல் போட்டேன். சக்கை, வெளிச்செண்ணெய், மரச்சீனி (மரவள்ளி), அண்டிப்பருப்பு (முந்திரி) என்று இருபது சொல்லும் பொருளும். உரையாடலின் தொடக்கத்தில் அதை ஒட்டினால் கேட்கிறது. பேச்சு நீண்டால் மறந்தும் விடுகிறது. காசு கட்டிய கணக்கிலும் இதே கதைதான். எனக்குக் கூடுதலாகத் தெரிந்தது ஒரு நாளில் இன்னும் கொஞ்சம் அதிகம் கேட்கலாம் என்பதுதான். ஞாயிறு மதியம் ஆறு பேருக்கு அது எதற்கு?

ஆகவே தோழி, கட்டாதே. இலவசமே போதும், அதையும் ஈமெயில் கைக்கு வந்த பிறகு காட்டு. நான் கட்டுவதை நிறுத்தினேனா என்று கேட்டால், இல்லை. அந்த பைபிளுக்குள் இருக்கும் காகிதம் நினைவுக்கு வருகிறது, ஒவ்வொரு மாதமும் கை போய்விடுகிறது.

போன ஞாயிறு புதுக் கீபோர்டோடு உட்கார்ந்தோம். அதே அக்கா மைக்கைத் தொட்டார், முதுகை நிமிர்த்திக்கொண்டார், ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி, "பலாப்பழ வற்றல், தேங்காய் எண்ணெயில் பொரித்தது" என்றார். ஒரு பிழையும் இல்லாமல் கடிதம் வந்தது. உடனே என் பக்கம் திரும்பி, "டீச்சரே, நம்ம சக்கதான, இதுக்கு வெளங்கிச்சா?" என்று கேட்டார்.