கண்ணபுரம் மாட்டுத்தாவணியும் அங்கே வாங்கிய கயிறுகளும்

காங்கேயம் மாடு வாங்கோணும் என்று யார் என்னிடம் கேட்டாலும், சித்திரை வரைக்கும் பொறுங்கள், கண்ணபுரத்துக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். திருப்பூர் மாவட்டத்தில் ஓலப்பாளையத்துக்குப் பக்கத்தில், மாரியம்மன் கோயில் தேர்த் திருவிழாவை ஒட்டிக் கூடுகிற தாவணி, அதாவது மாட்டுச் சந்தை. இப்போது வாட்ஸ்அப்பில் போட்டோவைப் பார்த்தே முன்பணம் அனுப்பிவிடுகிறார்கள். போட்டோவில் திமிலும் கொம்பும் தெரியும். நடை தெரியாது. புது ஆள் கிட்டே போனால் மிரளுமா, மடியைத் தொட்டால் உதைக்குமா, எதுவும் தெரியாது. தாவணியில் அரை நாள் நின்றால் எல்லாம் தெரிந்துவிடும்.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு வளர்க்கும் ஆசை டவுன்காரர்களுக்கும் வந்திருக்கிறது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பாலை நம்பி வரவேண்டாம். வேளைக்கு ஒரு லிட்டர் கறந்தாலே பெரிது. கொறங்காடு என்கிற வறண்ட மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து, வெள்வேல மர நிழலில் அசைபோட்டு, ஏரும் வண்டியும் இழுத்த இனம் இது. கன்றோடு வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: கன்று செம்பழுப்பாக இருந்தால் கலப்பு என்று நினைத்து ஒதுக்காதீர்கள். காங்கேயம் கன்று அந்த நிறத்தில்தான் பிறக்கும்; ஆறு மாதம் வாக்கில் நிறம் மாறத் தொடங்கும்.

தரகர்களைப் பற்றிப் பலரும் பயமுறுத்துவார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது இன்னும் நடக்கிறது. "நீங்க அப்படி நிழல்ல இருங்க அம்முணி, நான் பேசிட்டு வர்றேன்" என்றார் எங்களுக்கு வாய்த்தவர். "பணம் நான்தானுங்க கொடுக்கறேன், எனக்கு வாயாலயே சொல்லிப் போடுங்க" என்றேன். மறுபேச்சில்லாமல் சொன்னார். மாட்டின் வாயைத் திறந்து கீழ்வரிசைப் பல்லையும் அவரே காட்டினார். மேல் முன்வரிசையில் மாட்டுக்குப் பல்லே கிடையாது, அதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். கீழே பால்பல் விழுந்து இரண்டு நிலைப்பல் போட்டிருந்தால் இரண்டரை வயது வாக்கில் இருக்கும். பெண்கள் தனியாகப் போனாலும் தைரியமாகக் கேளுங்கள், பதில் கிடைக்கும்.

எனக்குத் தாவணியில் மாட்டுக்கு அடுத்தபடி பிடித்தது கயிற்றுக் கடைகள். மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, பிடிகயிறு, கழுத்துக்குச் சங்கு கோத்த கயிறு, நெற்றிப்பட்டை, சலங்கை, சாட்டை என்று தார்ப்பாயின் மேல் குவித்து வைத்திருக்கிறார்கள். கண்ணைப் பறிக்கும் பச்சையிலும் ரோஸிலும் தொங்குவது பெரும்பாலும் நைலான். மழையில் மக்காது, விலையும் குறைவு. ஆனால் வேர்வையை உறிஞ்சாது. மாடு வெடுக்கென்று இழுத்தால் உராய்ந்து சூடேறி, காதுக்குப் பின்னாலும் மூக்கிலும் தோலை அறுத்துவிடும். அங்கே புண் வந்தால் ஈ மொய்த்து ஆறவே ஆறாது. நான் வாங்கியது ஒரு பெரியவர் உட்கார்ந்த இடத்திலேயே முறுக்கிக்கொண்டிருந்த பருத்தி நூல் கயிறு. "இது எத்தனை நாளைக்கு வருமுங்க?" என்று கேட்டேன். "நைலான் இதைவிட உழைக்குமுங்க. ஆனா மாட்டுத் தோலும் உழைக்கோணுமல்ல அம்முணி?" என்றார். விலை கொஞ்சம் கூடத்தான், கொடுக்கலாம். முறுக்கு நெருக்கமாக இருக்கிறது, முடிச்சு மாட்டின் கன்னத்தில் குத்தாதபடி பக்கவாட்டில் போட்டுக் கொடுத்தார். ஒரே குறை, நனைந்தால் ஊறிப்போய் முடிச்சு இறுகிவிடும், அவிழ்க்கச் சிரமம். மழை நாளில் கட்டுத்தறியில் கட்டும்போது, நுனியை இழுத்தால் அவிழ்கிற உருவு முடிச்சாகப் போடுங்கள்.

மணி விஷயத்தில் எச்சரிக்கை. முன்பு ஒரு கடையில் வெண்கலம் என்று சொல்லிக் கொடுத்த மணி, ஐப்பசி மழையில் செங்கல் நிறத்துக்குத் துருப்பிடித்தது. வெண்கலத்தில் பச்சை படியும், இந்தத் துரு வராது. இரும்புக்கு மெருகு பூசி விற்றிருக்கிறார்கள். வாயில்லா ஜீவனுக்கு ஆசையாக வாங்குகிறவர்களிடம் பொய் சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பையில் சின்னக் காந்தம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், ஒட்டினால் கீழே வைத்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. கம்மங்கூழும் மோரும் குடித்தேன், அந்த வெயிலுக்கு அது போதும். கோழி கூப்பிடக் கிளம்பிவிட்டால் வெயில் ஏறுவதற்குள் மாடுகளைச் சுற்றிப் பார்த்துவிடலாம். கோயிலுக்குப் போய் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, அப்புறம் விலை பேச உட்காருங்கள். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.

விலை முடிந்ததும் வாங்கிய கயிற்றை அங்கேயே மாற்றிவிடுங்கள். பழைய கயிற்றை விற்றவரே கழற்றிக்கொள்வார். மாடு பழகிய ஆள் பக்கத்தில் இருக்கும்போது புதுத் தலைக்கயிறு போடுவது சுலபம். வண்டியில் ஏற்றும் முன் தண்ணீர் காட்டுங்கள். தளத்தில் வைக்கோல் கனமாகப் பரப்பச் சொல்லுங்கள், குளம்பு வழுக்காது. சினை மாடாக இருந்தால் டிரைவர் பக்கத்தில் நீங்களே ஏறி உட்கார்ந்து, மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே வாருங்கள்.