ஜெர்மனில கதவு சாத்திக்கிச்சுன்னா அவசரப்பட்டு கூகுள்ல மொத நம்பருக்கு போன் போடாதீங்க

ஸ்டுட்கார்ட்ல நடந்தது. ஞாயித்துக்கிழமை மத்தியானம், அம்மாகூட போன் பேசிக்கிட்டே குப்பைய கீழ போட்டுட்டு மேல வர்றேன், கதவு காத்துல சாத்திக்கிச்சு. இங்க வெளிப்பக்கம் கைப்பிடி திரும்பாது, வெறும் குமிழ்தான், சாவி இல்லன்னா அவ்ளோதான். சாவி உள்ள, பர்ஸ் உள்ள, அடுப்புல குக்கர். நான் சாக்ஸோட வெளிய நின்னு விசில் எண்ணிட்டிருக்கேன்.

அந்த பதட்டத்துல "ஷ்லுசல்டீன்ஸ்ட்"னு (பூட்டு திறந்து குடுக்கற சர்வீஸ்) தேடி மேல வந்த விளம்பரத்துக்கு அடிச்சேன். போன்ல 49 யூரோல ஆரம்பம்னாங்க, லோக்கல் நம்பர்தான், ஆனா வந்த வண்டி எந்த ஊர்லேர்ந்து வந்துச்சோ, முக்கால் மணி நேரம். அதுக்குள்ள விசிலும் நின்னுபோச்சு, அதுதான் இன்னும் பயம்.

வந்தவர் கதவ சரியா கூட பாக்கல, நேரா டிரில்ல எடுத்துட்டார். பூட்டாம சும்மா சாத்திக்கிட்ட கதவ, தெரிஞ்ச ஆள் ஒரு பிளாஸ்டிக் தகட்ட விட்டு ரெண்டு நிமிஷத்துல பூட்டுக்கு சேதமில்லாம திறந்துடுவாராம், இது எனக்கு அப்புறம்தான் தெரியும். பூட்டோட சிலிண்டர் (சாவி நுழையற பாகம்) போச்சு, புது சிலிண்டர், ஞாயித்துக்கிழமை கூலி, வண்டி செலவுன்னு எல்லாம் சேத்து 489 யூரோ! கார்டு மெஷின கையிலயே வெச்சிருக்கார், காசு தரலன்னா புது பூட்டு மாட்ட மாட்டேன் கதவு தொறந்தே கெடக்கட்டும்ங்கறார். குடுத்துட்டேன். முட்டாள்தனம்தான்.

மேல் வீட்டு பாட்டி கேட்டுட்டு தலைல கைய வெச்சுக்கிட்டாங்க. அடுப்பு எரியுதுன்னா 112க்கு அடிச்சு ஃபயர் சர்வீஸ கூப்பிட்டிருக்கணும்டா, பில்லுக்கு மிரட்டினா 110, போலீஸ் வரும்னாங்க. போன்லயே "கதவு சாத்திதான் இருக்கு, பூட்டல, எல்லாம் சேத்து எவ்ளோ"ன்னு மொத்த தொகைய கேட்டு வாங்கணுமாம், சொல்லலன்னா அடுத்த ஆள பாக்கணுமாம். வாய்விட்டு கேக்க எனக்கு ஜெர்மன் வரலங்கறது வேற விஷயம்.

அநியாய விலைன்னா பிஜிபி, அதாவது ஜெர்மன் சிவில் சட்டம், 138வது பிரிவுல வழி இருக்காம், பில்ல எடுத்துக்கிட்டு போக ஃபெர்பிராவுஹர்சென்ட்ராலெல (நுகர்வோர் ஆலோசனை மையம்) அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கேன். குடுத்த காச திரும்ப வாங்கறது கஷ்டம்னு இப்பவே எல்லாரும் சொல்றாங்க, அதனாலதான் நீங்க குடுக்கறதுக்கு முன்னாடி இத எழுதறேன். ஒரு சாவி இப்போ பாட்டிகிட்ட இருக்கு. பருப்பு கரி, குக்கர் அடியும் போச்சு, ஊர்லேர்ந்து தூக்கிட்டு வந்தது.