8 ஜிபி போட்டும் 3.41: கிளிநொச்சிக் கணினித் திருத்தகம் ஒன்றைப் பற்றி

தட்டச்சு வேலைக்கு வைத்திருக்கும் எனது ஜி41 மதர்போட் கணினிக்கு, சென்ற ஆண்டு வவுனியாக் கடையொன்றில் 4 ஜிபி றாம் இரண்டு வாங்கிப் போட்டேன். எந்த விண்டோஸ் என்று விற்றவர் கேட்கவேயில்லை. நிறுவப்பட்ட நினைவகம் 8.00 ஜிபி என்றும், அதில் பயன்படுத்தக்கூடியது 3.41 ஜிபி என்றும் திரை காட்டியபோது, றாம்தான் பழுது என்று பல மாதம் அந்தக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஏ9 வீதிக்குச் சற்று உள்ளே இருக்கும் இந்தத் திருத்தகத்தின் இளைஞர் பெட்டியைத் திறக்காமலே, எனது விண்டோஸின் வகையைச் சொல்லும் '32 பிட்' என்ற வரியைத் திரையில் தொட்டுக் காட்டினார். “காணி கிடக்கு அண்ணை, அங்கால வாய்க்கால் வெட்டேல்லை” என்றார். இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்யும் வட்டக்கச்சிக்காரனுக்கு அதுவே போதும். ஆயினும் அவர் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் கணக்கும் போட்டார். 32 பிட்டில் எழுதக்கூடிய நினைவக முகவரிகள் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296. முகவரிக்கு ஒரு பைட் வீதம் அது 4 ஜிபி. அதிலும் கிராபிக்ஸ் முதலிய உறுப்புகள் தம் பங்கை எடுத்த பின்னரே எனக்கு 3.41 மிஞ்சியிருக்கிறது. இது முழுக்க முழுக்கக் கணக்கின் குற்றமும் அல்ல: நிறுவனங்களின் சேவையகங்களுக்கான 32 பிட் விண்டோஸ் சர்வர் 2003 என்டர்பிரைஸ், சேர்விஸ் பக் எனப்படும் மேம்படுத்தல் தொகுப்பின் முதலாவதுடன் 64 ஜிபி வரை ஏற்றது. வீட்டுப் பதிப்புகளுக்கு அந்தக் கதவு திறக்கப்படவில்லை.

64 பிட் விண்டோஸ் 10 ஹோம் 128 ஜிபி வரையும், புரோ 2 டெராபைட் வரையும் ஏற்கும். ஆனால் என் மதர்போட்டின் எல்லையே 8 ஜிபி என்பதால் மேலும் றாம் வாங்க வேண்டாம் என்று அவரே தடுத்துவிட்டு, விண்டோஸை மாற்றிய கூலியாக 2,500 ரூபாய் மட்டும் பெற்றார். இப்போது 7.75 ஜிபி காட்டுகிறது. இரண்டு பெரிய ஆவணங்களுடன் உலாவியையும் திறந்து வைத்து வேலை செய்ய முடிகிறது.

குறையும் உண்டு. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாறப் புதிதாகவே நிறுவ வேண்டும் என்பதால் பாமினி எழுத்துரு உட்பட எல்லாம் அழிந்தன. அதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். பழைய பிரின்டருக்கு 64 பிட் டிரைவர் கிடைக்கவில்லை. ஆகவே அச்சிடுவதற்கு இன்னமும் பென்டிரைவுடன் சந்தியிலுள்ள கொமினிக்கேசனுக்குப் போய்வருகிறேன்.