புயல் கணிப்பு: இயற்பியல் மாதிரியா, ஏஐ மாதிரியா?

இயற்பியல் விதிகளை வைத்து வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரி, வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, காற்று, வெப்பம், ஈரப்பதத்துக்கான சமன்பாடுகளைத் தீர்த்துக்கொண்டே போகும். ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரியில் ஒரு கட்டம் சுமார் 9 கி.மீ. சூப்பர் கம்ப்யூட்டர் இல்லாமல் நடக்காது.

கூகுள் டீப்மைண்டின் ஏஐ மாதிரியான கிராப்காஸ்ட், இப்படிச் சமன்பாடு எதையும் தீர்ப்பதில்லை. 1979 முதல் 2017 வரையிலான வானிலைத் தரவைப் படித்துப் பழகியது. இப்போதைய நிலையையும் ஆறு மணி நேரத்துக்கு முந்தைய நிலையையும் கொடுத்தால், அடுத்த ஆறு மணி நேரத்தைச் சொல்லும். அந்த விடையையே மறுபடி உள்ளே கொடுத்து 10 நாள் வரை போகும். ஒரு நிமிடம்கூட ஆகாது! 2023 செப்டம்பரில் லீ புயல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கரையேறும் என்பதை 9 நாள் முன்பே காட்டியது. வழக்கமான மாதிரிகள் உறுதியாகச் சொன்னது சுமார் 6 நாள் முன்புதான்.

ஆனால் புயலின் பாதையைக் கணிப்பதில் அசத்தும் கிராப்காஸ்ட் போன்ற ஏஐ, காற்றின் வேகத்தைக் கணிப்பதில் சறுக்குகிறது. சராசரிப் பிழையைக் குறைக்கவே பழக்கப்பட்டதால் உச்சக் காற்றைக் குறைத்துக் காட்டிவிடும். கடலோரக் குடிசையில் இருப்பவருக்கு அதுதானே உயிர்ப் பிரச்சினை?

ஏஐக்குக் கொடுக்கும் தொடக்க நிலையும், இயற்பியல் மாதிரி அளவீடுகளோடு சேர்ந்து தயாரித்ததுதான். அதனால் இயற்பியல் மாதிரியைக் கைவிட முடியாது; பாதைக்கு ஏஐ, காற்றின் வேகத்துக்கு இயற்பியல் என்பதே என் தேர்வு. ஐரோப்பிய மையமும் 2025 பிப்ரவரி முதல் தன் ஏஐ மாதிரியைப் பழைய மாதிரியோடு அருகருகே ஓட்டுகிறது.